மூலைக்கொடிக்கு முன் இருபது ஆண்டுகள்

(ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)

முன்வரிசையில் நரைத்த தலைகள் தெரிகின்றன. பின்னால் மெஸ்ஸி, எம்பாப்பே பெயர் போட்ட சட்டைகள் தெரிகின்றன. 

ரோஜர் மில்லாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். “கொடிக்கம்பத்துக்கிட்ட போய் ஆடுனவர்தானே சார்?” என்றார். ஆமாம் தம்பி, அவரேதான். ஆனால் அந்தக் கேள்விதான் என்னுடைய நெடுநாள் மனக்குறை. 20 ஆண்டுக்கு மேல் பந்தோடு பிழைத்த ஒரு மனிதர், இடுப்பை அசைத்து ஆடிய சில விநாடிகளாகச் சுருங்கிப் போனார். 38 வயதில் எங்கிருந்தோ முளைத்து வந்தார், நான்கு கோல் போட்டார், ஆடினார், போனார் என்பதாகத்தான் நமக்குக் கதை சொல்லப்பட்டிருக்கிறது. இன்று நான் அந்தக் கதைக்கு முந்தைய பகுதியைச் சொல்ல வந்திருக்கிறேன். கொடிக்கம்பத்துக்கும் வருவேன், கவலை வேண்டாம்.

எனக்கும் அவர் அறிமுகமானது எல்லாரையும் போலத்தான். 1990 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. இத்தாலி உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். நம் நேரப்படி இரவு ஒன்பதரை. தூர்தர்ஷனில் பார்த்தோம். தெருவே மரடோனா பக்கம். கேமரூன் என்ற நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். 61-ஆவது நிமிடத்தில் ஆந்த்ரே கானா பியிக்குக்குச் சிவப்பு அட்டை. அவர் வெளியே போன ஆறாவது நிமிடம் அவருடைய உடன்பிறந்தவர் ஃபிரான்சுவா ஓமாம் பியிக் எகிறித் தலையால் முட்டிய பந்து அர்ஜென்டினா கோல்கீப்பரின் கைக்குள் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசி நேரத்தில் பெஞ்சமின் மாசிங், ஓடிவந்த கனிஜியாவை மோதிய வேகத்தில் மாசிங்கின் பூட்ஸே தனியாகப் பறந்தது. அவருக்கும் சிவப்பு அட்டை. ஒன்பது பேரோடு உலகச் சாம்பியனை 1–0 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தின் 82-ஆவது நிமிடத்தில் 9-ஆம் எண் சட்டையோடு ஒருவர் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். நாங்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

அதற்கு முன்னும் யாரும் கவனிக்கவில்லை. அதுதான் விஷயம்.

1952 மே 20 அன்று கேமரூன் தலைநகர் யவுண்டேயில் பிறந்தார். முழுப்பெயர் ஆல்பெர் ரோஜர் மில்லர். மில்லர் பின்னால் மில்லா ஆனது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில்வே குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டும், பள்ளிக்கூடம் மாறும், சேக்காளிகள் மாறுவார்கள். கையோடு கொண்டுபோகக்கூடியது கால் வித்தை ஒன்றுதான். துறைமுக நகரமான டுவாலாவில், 13 வயதில், எக்லேர் என்ற உள்ளூர் கிளப்பில் சேர்ந்தார். அங்கிருந்து லெயோபார். அந்த அணி 1972, 73, 74 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு நாட்டுச் சாம்பியன். பிறகு யவுண்டேயின் தொன்னேர் அணி. தொன்னேர் என்றால் பிரெஞ்சில் இடி. 1975-இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான போட்டி முதன்முறையாக நடந்தபோது வென்றது தொன்னேர்தான்.

டுவாலாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு இசைத்தட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1972-இல் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை கேமரூனில் நடந்தது. அதற்கான பாட்டை டுவாலாவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் மனு திபாங்கோ போட்டுக் கொடுத்தார். தட்டின் ஒரு பக்கம் கோப்பைக்கான பாட்டு. மறுபக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஒரு பாட்டு, ‘சோல் மகோசா’. கோப்பையைக் கேமரூன் வெல்லவில்லை, முன்பக்கப் பாட்டையும் மறந்துவிட்டார்கள். பின்பக்கப் பாட்டோ நியூயார்க் நடனக் கூடங்கள் வரை போய் உலகத்தைச் சுற்றி வந்தது. மகோசா என்பது டுவாலாக்காரர்களின் ஆட்டம், டுவாலா மொழியின் சொல். மில்லா அப்போது 20 வயதை நெருங்கிய இளைஞன், அதே ஊரில் லெயோபார் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். 18 ஆண்டு கழித்து அந்த ஆட்டம் இத்தாலியில் ஒரு மூலைக்கொடிக்குப் பக்கத்தில் வெளிப்பட்டபோது அதை ஒத்திகை பார்த்த வித்தை என்று சிலர் எழுதினார்கள். முன்கூட்டி யோசித்ததில்லை, அந்த நேரத்தில் வந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். நான் நம்புகிறேன். ஊர் ஆட்டத்தை யாரும் யோசித்து ஆடுவதில்லை.

1976-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. கொடுத்தது ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ பத்திரிகை. அடுத்த ஆண்டே, 25 வயதில், பிரான்சின் வடக்கே வாலன்சியென் அணிக்குப் போனார். விருது கொடுத்ததும் பிரான்ஸ், விருது வாங்கியவரை மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்காரவைத்ததும் பிரான்ஸ். இரண்டு பருவம் அங்கே. பிறகு 1979-இல் மொனாக்கோ. அங்கும் காயம், பெஞ்சு, அரைகுறை ஆட்டம். 1980-இல் மொனாக்கோ பிரெஞ்சுக் கோப்பையை வென்றது என்று ஏடுகளில் இருக்கிறது. அதை மில்லாவின் வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஆப்பிரிக்க ஆட்டக்காரர் அந்தக் காலத்தில் பிரான்சுக்குப் போவது எப்படிப்பட்ட காரியம் என்று புரிந்துகொள்ள, அதற்குப் பத்து ஆண்டு முந்தைய ஒரு நிகழ்ச்சி உதவும். 1967-இல் மாலி நாட்டின் சாலிஃப் கெய்த்தா பாரிஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அழைத்துப் போக யாரும் இல்லை. வாடகைக் காரில் ஏறி “செயின்ட் எத்தியேன்” என்றார். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். காருக்கான பணத்தை அங்கே போனதும் கிளப் கொடுத்தது. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை முதன்முதலில், 1970-இல், வாங்கியவர் அவர்தான். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். காருக்குள் இருந்தவர் அந்த 500 கிலோமீட்டரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இத்தனை பேர்தான் என்று கிளப்புகளுக்கு வரம்பு இருந்த காலம் அது. அந்தச் சில இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வரும். உள்ளூர்க்காரர் மூன்று ஆட்டம் சொதப்பினால் ‘சரியாகிவிடும்’ என்பார்கள். வெளியூர்க்காரர் ஒரு ஆட்டம் சொதப்பினால் இடம் போய்விடும்.

1988-இல் லைபீரியாவின் ஜார்ஜ் வியா அதே யவுண்டே தொன்னேர் அணியிலிருந்து அதே மொனாக்கோவுக்குப் போனார். அப்போது அங்கே பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர். பொறுமையாகப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழு ஆண்டில் வியா உலகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், பின்னால் தன் நாட்டுக்கு அதிபராகவும் ஆனார். அதே வாசல் வழியாக ஒன்பது ஆண்டு முன்னால் நுழைந்த மில்லாவுக்கு ஒரு வெங்கர் இல்லை. இருவரின் திறமையை ஒப்பிட நான் வரவில்லை. வாசலில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

மில்லாவுக்குத் திருப்பம் பாஸ்தியாவில் வந்தது. கோர்சிகாத் தீவின் சின்ன ஊர். பாரிஸ்காரர்கள் என்றால் அந்தத் தீவில் கொஞ்சம் கசப்பு. 1981 ஜூனில் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம், பாரிஸ் நகரில். எதிரே பிளாட்டினி ஆடிய செயின்ட் எத்தியேன். பாஸ்தியா 2–1 என்று வென்றது, வெற்றிக் கோலைப் போட்டவர் மில்லா. இன்றுவரை பாஸ்தியா வென்ற ஒரே பிரெஞ்சுக் கோப்பை அது.

அடுத்த ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பை. கேமரூனுக்கு முதல் முறை. மில்லாவுக்கு 30 வயது. ஒரு முன்களக்காரருக்கு உடம்பும் புத்தியும் ஒத்துழைக்கும் வயது. பெரு அணிக்கு எதிராக அவர் பந்தை வலைக்குள் போட்டார். ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிட்டார்கள். இல்லை, அது சரியான கோல் என்று இன்றும் பலர் வாதாடுகிறார்கள். ஆட்டம் 0–0. அடுத்து போலந்தோடு 0–0, இத்தாலியோடு 1–1. மூன்று ஆட்டத்திலும் தோற்காமல் வீட்டுக்குப் போனார்கள். இத்தாலிக்கும் அதே மூன்று புள்ளிதான். ஒரு கோல் அதிகம் போட்டிருந்ததால் அவர்கள் மேலே போனார்கள். போய்க் கோப்பையையே வென்றார்கள். பின்வரிசைத் தம்பிகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளி. பெருவுக்கு எதிரான அந்தக் கோல் நின்றிருந்தால் கேமரூனுக்கு நான்கு, இத்தாலிக்கு மூன்று. 1982 உலகச் சாம்பியன் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியிருப்பார்கள். மில்லாவை உலகம் 30 வயதில் பார்த்திருக்கும்.

அது நடக்கவில்லை. மறுபடி கிளப்புக்குத் திரும்பினார். 1984-இல் செயின்ட் எத்தியேன் அழைத்தது. பத்தாண்டு பிரான்சையே ஆண்ட அந்த அணி கணக்கில் வராத பணம், வழக்கு என்று சீரழிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த நேரம். 32 வயதில் அங்கே போய், இரண்டாண்டில் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்ட கையோடு மோன்பெலியே. அதுவும் இரண்டாம் பிரிவு. 1987-இல் அதையும் ஏற்றிவிட்டார். அடுத்த பருவத்தில் மோன்பெலியே முதல் பிரிவில் மூன்றாம் இடம். கூட ஆடிய இளைஞர்களில் ஒருவர் லோரான் பிளாங்க், பின்னாளில் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியின் தூண்களில் ஒருவர். 1988-இல் அங்கே வந்து சேர்ந்த இன்னொருவர் கொலம்பியாவின் கார்லோஸ் வால்டெர்ராமா. சிங்கப் பிடரி முடி. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நேப்பிள்ஸில் தேவைப்படும்.

இதற்கு நடுவில் நாட்டுக்காகவும் ஓடிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைக் கேமரூன் 1984-இலும் 1988-இலும் வென்றது. 1986-இல் கெய்ரோவில் எகிப்திடம் பெனால்டியில் இழந்தது. 86-இலும் 88-இலும் அதிகக் கோல் பட்டியலில் முதலிடம் மில்லாவுக்கு. வயது 33, 35. அப்போதே ‘முதியவர்’ என்று எந்த ஆப்பிரிக்கப் பார்வையாளரும் வியக்கவில்லை. அவர்களுக்கு அவர் புதியவர் இல்லை.

அவர் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மின்னல் வேகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவருடைய வித்தை, முதுகைக் காட்டி நிற்பது. எதிரணிப் பேக் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார். மில்லா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பந்து வந்ததும் உள்ளங்காலால் ஒரு தொடல். பேக் எந்தக் காலில் பாரத்தைப் போட்டிருக்கிறார் என்று முதுகாலேயே தெரிந்துகொண்டு மறுபக்கம் திரும்பிவிடுவார். சடுகுடு ஆடியவர்களுக்கு இது புரியும். பிடிக்க வருபவரின் பாரம் மாறும் கணத்தைப் பிடிக்கிற வேலை. அதற்கு ஓட்டம் வேண்டியதில்லை. இரண்டாம் பிரிவின் முரட்டுப் பேக்குகளிடம் மூன்று பருவம் கணுக்காலில் உதை வாங்கிய அனுபவம் வேண்டும்.

1989-இல், ஓய்வு என்று முடிவு செய்துவிட்டு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் போனார். பிரான்சின் பகுதி. செயின்ட் பியேர் ஊரின் கிளப்பில் சும்மா காலாற ஆடலாம் என்று. நான் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பதற்கு நீங்கள் அனுமதிக்க வேண்டும். அந்தத் தீவில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வம்சம். அங்கே அவர்களை ‘மல்பார்’ என்கிறார்கள். தமிழ் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. தீமிதி போகவில்லை. செயின்ட் பியேரிலேயே நரசிங்கப் பெருமாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. வெளியூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே கரைந்தவர்களின் ஊரில், வெளியூரில் பிழைத்து முடித்த ஒருவர் வந்து ஓய்வெடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வந்தவர்களில் ராமசாமியின் பேரனும் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான், ஆட்டத்துக்குத் திரும்புவோம்.

ஓய்வு நிலைக்கவில்லை. முன்னாள் கேப்டன் தியோஃபில் அபேகாவின் வழியனுப்பு ஆட்டத்துக்காக ஊருக்கு வந்து ஆடினார். பார்த்த ஜனம் விடவில்லை. 1990 மார்ச்சில் அல்ஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், நடப்புச் சாம்பியனான கேமரூன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் இருந்தது. அதிபர் பால் பியா தலையிட்டார். மில்லா அணியில் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பயிற்சியாளர் வலேரி நெபோம்னியாச்சி சோவியத் நாட்டுக்காரர், பிரெஞ்சு தெரியாதவர், மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பேசியவர். அதிபர் திணித்த ஆளைச் சக ஆட்டக்காரர்கள் சிலர் விரும்பவில்லை. அரசியல்வாதி அணித்தேர்வில் மூக்கை நுழைப்பது சரியா? சரியில்லை. நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை அது நாசத்தில்தான் முடியும். மில்லா அந்த நூறாவது தடவை.

அந்த அணியை ‘அடங்காச் சிங்கங்கள்’ என்று கொண்டாடினோம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டீர்களா? மரடோனாவை வென்ற கோலைப் போட்ட ஓமாம் பியிக் பிரான்சின் இரண்டாம் பிரிவில் லவால் அணிக்கு ஆடியவர். மாசிங்கும் இரண்டாம் பிரிவு, கிரெத்தேய் அணி. மில்லாவைப் போலவே பிரான்சின் கீழ்த்தட்டில் உதை வாங்கிப் பழகியவர்கள். கோல்கீப்பர் தோமா என்கோனோ மட்டும் ஸ்பெயினில் எஸ்பான்யோலில் பெயர் எடுத்தவர். அவருடைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் இத்தாலிச் சிறுவன் புஃபோனுக்குக் கோல்கீப்பர் ஆசையே வந்தது.

ஜூன் 14, பாரி நகரம், எதிரே ருமேனியா. 58-ஆவது நிமிடத்தில் மில்லா உள்ளே வந்தார். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டத்தில் இரண்டே மாற்று ஆட்டக்காரர்கள்; அதில் ஒன்றை 38 வயதுக்காரருக்குச் செலவிட வேண்டும். 76-ஆவது நிமிடம் உயரமாக வந்த பந்துக்கு அந்தோனேயோடு முட்டிமோதி, அவரைக் கீழே தள்ளாத குறையாக விலக்கி, ஒரு கோல். 86-இல் இன்னொன்று. நேராக மூலைக்கொடிக்கு ஓடினார். மீதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஜூன் 23, நேப்பிள்ஸ், கொலம்பியா. கூடுதல் நேரம். 106-ஆவது நிமிடத்தில் முதல் கோல்: இரண்டு பேரைத் தாண்டி இடக்காலால் கோல்கம்பத்தை ஒட்டி மேலே அடித்தார். அது சுத்தமான முன்களக்காரரின் கோல், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லாரும் பேசுவது இரண்டு நிமிடம் கழித்து வந்த இரண்டாவதை. கொலம்பியக் கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா வலையை விட்டு வெகுதூரம் முன்னேறி வந்து பந்தை உருட்டி ஏமாற்றுவதில் பேர்போனவர். அன்றும் வந்தார். மில்லா பந்தைப் பறித்துக்கொண்டு காலி வலையை நோக்கி ஓடினார். ஹிகிட்டாவின் கிறுக்குத்தனம் என்று ஏடுகள் எழுதின. நான் முன்னே ஒரு பெயரைச் சொல்லி மனதில் வைக்கச் சொன்னேன். ஹிகிட்டாவின் அணித் தலைவர் வால்டெர்ராமா. மோன்பெலியேயில் மில்லாவின் கூட ஆடியவர். கொலம்பியர்கள் எப்படி ஆடுவார்கள், அந்தக் கோல்கீப்பர் என்ன செய்வார் என்பது மில்லாவுக்குப் புதுச் செய்தி இல்லை. அதிர்ஷ்டம் என்று நாம் நினைத்தது, வேலை செய்த இடத்தில் சேர்த்த தகவல்.

ஜூலை 1, மறுபடி நேப்பிள்ஸ். காலிறுதி, எதிரே இங்கிலாந்து. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கேமரூனின் நான்கு பேர் அட்டைகள் சேர்ந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் 0–1. இடைவேளைக்குப் பின் மில்லா வந்தார். காஸ்காயின் அவரை இடறிவிட்டதில் பெனால்டி, குண்டே போட்டார். அடுத்த நான்காவது நிமிடம் மில்லா நகர்த்திக் கொடுத்த பந்தை எகேகே கோல்கீப்பர் மேலாகத் தூக்கிப் போட்டார். அந்த எகேகே அப்போது ஆடிக்கொண்டிருந்த கிளப் எது தெரியுமா? வாலன்சியென். மில்லாவைப் பெஞ்சில் வைத்த அதே வாலன்சியென். 2–1. ஏழு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் அரையிறுதி. லினேக்கரின் இரண்டு பெனால்டிகள், 3–2. அரை மணி நேரத்துக்குத்தான் ஆவார் என்று எண்ணியவர் அன்று 75 நிமிடம் ஆடினார்.

இன்னொன்று. அந்த ஜூன் மாதம் முழுவதும் உலகப் பத்திரிகைகள் மில்லாவைக் கிழவர், தாத்தா என்று எழுதித் தீர்த்தன. அன்று எதிர்வலையில் நின்ற பீட்டர் ஷில்டனுக்கு வயது 40. அவரை அனுபவசாலி என்றார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நாடு காலிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. 1966-இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் இல்லை என்று கண்டமே போட்டியைப் புறக்கணித்தது, 1970-இல் ஒரு இடம், 1982-இல் இரண்டு. 1994-இல் மூன்று, 1998-இல் ஐந்து. காங்கோவின் பெப்பே கல்லே மில்லா பெயரில் பாட்டே போட்டார். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது மறுபடி மில்லாவுக்கு, முதலாவதற்கு 14 ஆண்டு கழித்து. சிங்கங்களுக்கு அரசு வீடு தருவதாக வாக்குக் கொடுத்தது. வீடு வந்தது 2020-இல். 30 ஆண்டு. அந்த அணியின் எம்ஃபெதே 2013-இலும், பூட்ஸ் பறந்த மாசிங் 2017-இலும் இறந்துபோயிருந்தார்கள்.

1994-இல் அமெரிக்காவுக்கும் போனார், 42 வயதில். அதே அணியில் ரிகோபேர் சாங் என்ற பையனுக்கு 17. அந்த அணி நல்ல அணி இல்லை. சம்பளத் தகராறு, உள்சண்டை. ரஷ்யாவிடம் 6–1 என்று தோற்றார்கள், சலென்கோ ஒருவரே ஐந்து போட்டார். அந்த ஒரு கோல் மில்லாவுடையது. 42 ஆண்டும் 39 நாளும். உலகக் கோப்பையில் கோல் போட்ட மிக மூத்தவர் என்ற கணக்கு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சாதனைதான். ஆனாலும் எனக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பிடிக்காது. தோற்றுக் கிழிந்துகொண்டிருக்கும் அணியில், இடைவேளைக்குப் பின் வந்து, சட்டென்று ஒரு கோல் போட்டுவிட்டு, ஆடக்கூட மனமில்லாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புகிற ஆளை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

அதோடும் நிற்கவில்லை. இந்தோனேசியாவில் புதிய லீக் தொடங்கியபோது பெலித்தா ஜயா அணிக்கு ஆடினார், பிறகு போர்னியோவில் சமரிண்டா அணிக்கு. 1996 வரை. பணத்துக்காகப் போனார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். போனால் என்ன? ஐரோப்பாவில் அவர் வாங்க வேண்டிய வயதில் வாங்காத சம்பளம் நிறைய பாக்கி இருந்தது.

இப்போது அவர் கேமரூனின் நடமாடும் தூதர். 2007-இல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, முந்தைய 50 ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரர் என்று அவரைத் தேர்ந்தது. பிளாஸ்டிக் குப்பையை உருக்கித் தளக்கல் ஆக்கும் வேலையில் இளைஞர்களைப் பழக்கும் அறக்கட்டளை ஒன்று வைத்திருக்கிறார். வாய் மட்டும் அடங்காது. 2010 உலகக் கோப்பைக்கு முன், சாமுவேல் எட்டோ கிளப்புக்குச் செய்ததை நாட்டுக்குச் செய்யவில்லை என்று பேசிவிட, எட்டோ போட்டிக்கே வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நேரம் காலம் தெரியாத பேச்சு அது. மில்லாவை நேசிக்கிறவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில் என்னை நிறுத்திய தம்பிக்கு ஒரு வேலை. கொலம்பியா ஆட்டத்தின் இரண்டாவது கோல் இணையத்தில் கிடைக்கும். இன்று இரவு போட்டுப் பாருங்கள். முதல் தடவை எல்லாரும் ஹிகிட்டாவைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். இரண்டாம் தடவை மில்லாவின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து ஹிகிட்டாவிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் புறப்பட்டிருப்பார்.